நான்கு நொடி இடைவெளி

ஒற்றையாள் அஞ்சல் நிலையம் 7, நிலாவுக்கு அப்பால்
பதிவாளர்: முனைவர் இன்னாசி, நிலையக் காவலர்

நாள் 212 / 09:10

நிலையம் நலம். மின்கலம் 88 விழுக்காடு. உள்வெப்பம் 22 பாகை. காலை உணவு உப்புமா. பொட்டலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

இந்தப் பதிவேடு யார் கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும் என்பது விதி. ஆகவே ஒருமுறை விளக்கிவிடுகிறேன். நிலாவின் மறுபக்கச் சுரங்கங்களிலிருந்து வரும் செய்திகளை வாங்கி பூமிக்குத் தள்ளிவிடுவது நிலையத்தின் வேலை. அதைத் தானாகவே செய்துகொள்ளும். தூசி தட்ட, திருகு முடுக்க ஓர் ஆள் நாளுக்கு நாற்பது நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் என் சொந்தத் தொழிலைப் பார்க்கிறேன். குழந்தைகளின் அசைவுகளை எண்ணுவது.

பூமியில் ஓர் ஆய்வு மையம், ஆட்டிசம் இருக்கலாம் என்று கருதப்படும் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளைப் படம்பிடித்து அனுப்புகிறது. நான் நொடிக்கு நொடி பார்த்துக் குறியிடுகிறேன். கண்ணைப் பார்த்தால் ஒரு குறி. பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தும் திரும்பாவிட்டால் சுழி. நோக்கமில்லாமல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் குறி 6.

குறியிடுபவருக்குக் குழந்தையைத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும். அதனால் படங்களில் முகம் கிடையாது, வெறும் கோட்டு உருவங்கள். பெயர் வரும் இடத்தில் ‘பீப்’ சத்தம். அதுவும் போதாதென்று யாரையும் அறியாத ஒருவரைத் தேடினார்கள். என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒருமனதாக என்னைக் கைகாட்டினார்கள். நான் வருத்தப்படவில்லை. வீட்டிலும் நான் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் எழுந்து போயிருப்பார்.

இன்று குழந்தை 41, பதினான்காவது படம். பொம்மைகளைத் தொடவில்லை. அருகில் உட்கார்ந்த பெரியவரின் முழங்கையை மூன்று விரலால் தட்டுகிறது. மறுபடி தட்டுகிறது. இதுவரை வந்த பதினான்கு படங்களையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 61 முறை. குறி 6. பூமியில் இன்னொரு குறியீட்டாளரும் தனியாக எண்ணினார், அவருக்கும் 61. இருவரும் ஒத்துப்போவது எனக்குப் பிடிக்கும்.

மணிக்கு ஐம்பதைத் தாண்டினால் குழந்தைக்கு ‘அமைதிப் பட்டை’ பரிந்துரைக்கப்படும். மணிக்கட்டில் கட்டுவது. கை தட்டத் தொடங்கும்போதே நரம்பில் சிறு துடிப்பு கொடுத்து நிறுத்திவிடும். வலிக்காது என்கிறார்கள். மூன்று மாதத்தில் பழக்கமே போய்விடுமாம்.

பரிந்துரை அனுப்பப்பட்டது. மதிய உணவு சாம்பார் சாதம்.

நாள் 214 / 15:40

குரல் அனுப்பும் பெட்டி எரிந்துவிட்டது. அதோடு சேர்த்து வெப்பக் கம்பியில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. குறிகளை அனுப்பும் தடமும் போயிற்று. சுரங்கச் செய்தி போகும் தடம் வேறு, முத்திரை வைத்த பெட்டி, என்னால் திறக்க முடியாது. பூமி பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் கேட்காது.

16:05. கட்டுப்பாட்டு மையத்தில் சுபாஷிணி என்ற பெண் பணியில் இருக்கிறார்.

“இன்னாசி சார், கேக்குதா? … இன்னாசி சார்? … சார், இன்னாசி சார், ஏதாவது சொல்லுங்க.”

மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார். பதில் இல்லை. குறியிட நான் எழுதிய கையேட்டின்படி எனக்குச் சுழி.

16:30. “சார், உள்ளே காத்து அளவு நல்லா காட்டுது. நீங்க மூச்சு விட்டுட்டுதான் இருக்கீங்க. ஆனா பேச மாட்டேங்கறீங்க. மனநலப் பிரிவுக்குத் தகவல் கொடுத்திருக்கோம்.”

சரக்குக் கப்பல் நாள் 241இல் வரும். அதுவரை சமாளிக்கலாம். உள்வெப்பம் 15.

நாள் 217, ஞாயிறு / 10:00

ஞாயிறு பத்து மணிக்குக் குடும்ப இணைப்பு. தூத்துக்குடியில் பூசை முடிந்து என் மனைவி செலின் பேசுவாள். மருத்துவமனையில் செவிலி. எங்களுக்கு ஒரே மகள், ரோஸ்மின். நான் கிளம்பும்போது பதினேழு மாதம். இப்போது இரண்டு வயது.

அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“என்னங்க, கேக்குதா? உடம்புக்கு முடியலியா? நீங்க இருக்கும்போதே பேச மாட்டிய, இப்ப சுத்தமா வாயத் தொறக்க மாட்டேங்கியளே. … ஒண்ணு சொல்லணும். யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. ஆனா மனசு கேக்கல. ரோஸ்மின ஒரு ஆராய்ச்சில சேத்துருக்கேன். நீங்க போன பொறவு அவ பேச்சே இல்ல. பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டேங்கா. யாரு வந்தாலும் போய் முழங்கையத் தட்டுதா. பக்கத்து வீட்டு அக்கா, சாமியாரு, கேஸ் கொண்டாந்தவரு, ஒருத்தர விடல. அங்க எண்ணிப் பாத்துருக்காங்க. மணிக்கு அறுபத்தி ஒண்ணாம். அடுத்த செவ்வாய் இல்ல, அதுக்கடுத்த செவ்வாய் கைல ஒரு பட்ட கெட்டுதாங்க. சரியாயிரும்னு சொல்லுதாங்க. நான் சரின்னுட்டேன். செஞ்சது சரிதானங்க?”

இருபது நிமிடம் முடிந்தது. இணைப்பு போனது.

ஆராய்ச்சிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் செலின் ‘நிலையக் காவலர்’ என்று எழுதியிருப்பாள். உண்மைதானே. யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அறுபத்தொன்று என் எண்ணிக்கை.

நாள் 218 / 08:20

குழந்தை 41இன் பதினான்கு படங்களையும் முதலிலிருந்து பார்த்தேன். மாதக்கணக்கில் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வெட்கம்கூட இப்போது தூரத்தில் எங்கோ இருக்கிறது. எழுதுவது எளிதாக இருப்பதால் எழுதுகிறேன்.

இதையும் எழுதிவிட வேண்டும். அவளுக்கு ஒரு வயதானபோது எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. சோபாவில் நான் படித்துக்கொண்டிருப்பேன். அவள் வந்து என் முழங்கையை மூன்று முறை தட்டுவாள். நான் அவள் முதுகில் இரண்டு முறை தட்டுவேன். அவ்வளவுதான். ஒரு மணி நேரம்கூட இப்படியே போகும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இருவருக்கும் அது பிடித்திருந்தது. நான் எதற்கும் மெதுவாகப் பதில் சொல்பவன் என்பதால் என் இரண்டு தட்டு வர நான்கு நொடி ஆகும்.

படத்தில் மூன்று தட்டு. பிறகு இடைவெளி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்கு நொடி. பதினான்கு படங்களிலும் நான்கு நொடி. அதன்பிறகே மறுபடி தட்டுகிறாள்.

அவள் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். கோட்டு உருவமாகப் பார்த்தால்கூட தெரிகிறது, தட்டிவிட்டு முதுகைச் சற்று வளைத்துக் கொடுக்கிறாள். படத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் பொம்மைக் காரை ஆட்டிக் காட்டினார்கள்.

கையேட்டின் 32ஆம் பக்கம்: ‘ஐந்து நொடிக்குக் குறைந்த இடைவெளிகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது.’ அந்த வரியை எழுதியது நான். எண்ணுவது சுலபமாக இருக்கும் என்று எழுதினேன். இரண்டு குறியீட்டாளர்களும் ஒரே தவறை ஒரே மாதிரி செய்து, அதற்கு ஒத்திசைவு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பதினான்கு படம், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அதில் 283 முறை கூப்பிட்டிருக்கிறாள். நான் 283 முறை குறி 6 போட்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பட்டை கட்டிவிட்டால் கூப்பிடுவது நின்றுவிடும். அவளிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

நாள் 219 / 11:00

குறியைத் திருத்த முடியாது. அனுப்பத் தடம் இல்லை. தடம் இருந்தாலும், குழந்தையை அறிந்தபின் செய்யும் திருத்தம் செல்லாது, பழைய குறியே நிற்கும். அதுவும் கையேட்டில் இருக்கிறது. அதையும் நானே எழுதினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு வழி. கேட்கும் கருவியின் பின்புறம் ஒரு சோதனைப் பொத்தான். அமுக்கினால் பூமியில் ஒரு ‘டக்’ கேட்கும். வேறு எதற்கும் ஆகாது.

பழைய தந்திக் குறி எனக்குத் தெரியாது. எழுத்தை எண்ணி அனுப்பிப் பார்த்தேன். ‘அ’வுக்கு ஒன்று, ‘ஆ’வுக்கு இரண்டு. நமக்கு 247 எழுத்து. ‘பட்டை வேண்டாம்’ என்று சொல்ல ஐந்நூறுக்கு மேல் அமுக்கினேன், நடுவில் எண்ணிக்கை வேறு தவறிவிட்டது.

14:20. சுபாஷிணி. “இன்னாசி சார், நீங்க சோதனைப் பொத்தானைச் சும்மா அமுக்கிட்டே இருக்கறது இங்க பதிவாகுது. அதுல ஒழுங்கு எதுவும் இல்லைன்னு கணினி சொல்லுது. ஏதாவது வேணும்னா பேசுங்க சார். நாங்க கேட்டுட்டுதான் இருக்கோம்.”

நல்ல பெண். குரலில் உண்மையான அக்கறை இருக்கிறது. நானும் 41ஐ அக்கறையோடுதான் எண்ணினேன்.

உள்வெப்பம் 9.

நாள் 221 / 13:15

கட்டுப்பாட்டு மையத்தில் நான் அமுக்குவதைக் கணினி வடிகட்டிவிடும். குடும்ப இணைப்பில் வடிகட்டி கிடையாது. வீட்டுப் பேச்சை யார் வடிகட்டப் போகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை செலினுக்கு ‘டக்’ கேட்கும். பக்கத்தில் இருந்தால் ரோஸ்மினுக்கும் கேட்கும். இரண்டு ‘டக்’ கேட்டால் அவள் மூன்று தட்டுவாள்.

கணக்குப் போட்டேன். அவள் தட்டும் சத்தம் இங்கே வர ஒன்றரை நொடி. என் பதில் அங்கே போக ஒன்றரை நொடி. மொத்தம் மூன்று. அவள் காத்திருப்பது நான்கு. எனக்கு ஒரு நொடி மிச்சம். அதற்குள் இரண்டு முறை அமுக்கிவிட வேண்டும். தவறினால் அவள் அடுத்த முறை தட்டத் தொடங்கிவிடுவாள், இரண்டும் மோதிக்கொள்ளும். அப்புறம் அது பதில் ஆகாது.

பயிற்சி செய்தேன். காலையில் 0.7 நொடி. இப்போது 1.1. குளிரில் விரல் மரத்துப் போகிறது. அமுக்கிவிட்டேனா இல்லையா என்பதே பொத்தானின் விளக்கைப் பார்த்தால்தான் தெரிகிறது. சாம்பார் சாதப் பொட்டலத்தைச் சூடாக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் சற்று உயிர் வருகிறது. சாப்பிடுவதைவிட அதற்குத்தான் அது உதவுகிறது.

உள்வெப்பம் 5.

நாள் 223 / 12:00

வெப்பம் 3. சூடு செய்யும் தட்டில் இன்னும் ஆறு பொட்டலத்துக்குத்தான் மின்சாரம். நாளைக்கு வைத்திருக்கிறேன். இன்று குளிர்ந்ததைச் சாப்பிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

15:00. சுபாஷிணி. “சார், நீங்க பொத்தானை இன்னும் விடலை. மனநல டாக்டர் பார்த்தார். இப்படி ஒரே செயலைச் செஞ்சிட்டே இருந்தா மனசு இன்னும் இறுகிடும்னு சொல்றார். நாளைக்குப் பத்தேகாலுக்கு இங்கிருந்தே பொத்தானை முடக்கறோம். அமைதியாயிடுவீங்க. உங்க நல்லதுக்குத்தான் சார்.”

பத்தேகால். இணைப்பு பத்து மணிக்கு. பதினைந்து நிமிடம் இருக்கிறது.

எனக்கும் ஒரு பட்டை கட்டுகிறார்கள். கோபம் வர வேண்டும். வரவில்லை. அவருடைய இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் பரிந்துரைத்திருப்பேன்.

நாள் 224, ஞாயிறு

09:50. பொட்டலம் சூடு. இரண்டு கையிலும் ஒவ்வொன்று.

10:02. செலின். “என்னங்க, நாந்தான். கட்டுப்பாட்டுல எல்லாம் சொன்னாங்க. தனியாக் கெடந்து மனசு இறுகிப் போச்சாமே. நான் ஒருத்தி இங்க இருக்கேன்ல. ஒரு வார்த்த சொன்னா என்ன?”

அமுக்கினேன். இரண்டு. சற்றுக் கழித்து இரண்டு.

10:04. “என்னமோ டக் டக்னு கேக்கு. சும்மா அமுக்கிட்டே இருப்பியன்னு சொன்னாங்க, இதுதானா? வேண்டாம்ங்க, பயமா இருக்கு.”

இரண்டு. இரண்டு.

10:06. “ஏ ரோஸ்மின், எங்க வாற? … என்னங்க, இவ சட்டி பானையெல்லாம் போட்டுட்டு ஓடி வந்துட்டா. ஸ்பீக்கர்ட்ட காத வச்சிட்டு நிக்கா.”

10:07. டக் டக் டக்.

நான் அமுக்கியது இல்லை. அங்கிருந்து வந்தது.

இரண்டு அமுக்கினேன். 0.8 நொடி. போய்ச் சேர்ந்திருக்கும்.

டக் டக் டக். இரண்டு. 0.8.

டக் டக் டக். இரண்டு. 0.9.

10:10. அடுத்த பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். ஒன்பதாவது முறை விரல் வழுக்கியது, 1.4 ஆகிவிட்டது. அவளும் அப்போதே தட்டிவிட்டாள். மோதியது. போயிற்று என்று நினைத்தேன். அவள் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டினாள். என்னைப் பொறுத்துக்கொண்டாள்.

10:14. செலின் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஒலி அலையை மட்டும் வைத்து அதைக் குறியிட முடியாது. “ஏங்க, இவ சிரிக்கா! எத்தன நாளாச்சு! … இருங்க, இருங்க. நான் டூட்டி முடிஞ்சு வரும்போது ரெண்டு பேரும் சோபால ஒக்காந்து இப்படித்தான தட்டிட்டுக் கெடப்பிய? பைத்தியங்க ரெண்டும்னு நான் வைவேன்லா? அதுவாங்க இது? அவ தட்டுதது எல்லாம் அதுதானா?”

அமுக்கினேன்.

விளக்கு எரியவில்லை.

10:15. அமுக்கினேன். அமுக்கினேன். எரியவில்லை.

10:16. சுபாஷிணி, இணைப்பில் குறுக்கே. “மேடம், கட்டுப்பாட்டு மையத்துலருந்து பேசறேன். பொத்தானை முடக்கியாச்சு. இனிமே தொந்தரவு இருக்காது, நீங்க பேசுங்க. அவர் காரணமில்லாமதான் அமுக்கிட்டு இருந்தார், அதுல அர்த்தம் தேடாதீங்க மேடம், உங்களுக்குத்தான் கஷ்டம்.”

10:17. பிறகு செலின், மெதுவாக: “அப்ப சும்மாதானா.”

டக் டக் டக்.

நான்கு நொடி.

டக் டக் டக்.

சுவரில் தட்டினேன். ஒலிவாங்கியில் தட்டினேன். வாய்விட்டு ரோஸ்மின் என்று கத்தினேன். ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் பெயரைச் சொல்லி அழைக்கிறேன். இங்கே யாரும் இல்லை.

10:19. டக் டக் டக். நான்கு நொடி. டக் டக் டக்.

10:20. “நேரம் முடிஞ்சது மேடம்.” “இன்னும் கொஞ்சம் குடுங்க, உங்களக் கெஞ்சிக் கேக்கேன்.” “… பத்து நிமிஷம், மேடம். அதுக்கு மேல முடியாது.”

10:22. செலின். “என்னங்க. நீங்க கேக்கியளா இல்லியான்னு தெரியல. இவ நிப்பாட்ட மாட்டேங்கா. … ஆனா பாத்தியளா, இவ தட்டிட்டே இருக்கல. தட்டுதா, பொறவு காதக் குடுத்துட்டு நிக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அப்புறந்தான் திரும்பத் தட்டுதா. … காத்துட்டு நிக்கா. இவ்வளவு நாளும் தட்டினதத்தான எல்லாரும் எண்ணிருக்கோம்.”

ஆமாம் என்று சொன்னேன். சொன்னது எனக்குக் கேட்டது.

10:24. டக் டக் டக்.

டக் டக்.

நான் இல்லை. என் கை மடியில் கிடந்தது.

டக் டக் டக். டக் டக்.

செலின், மிகத் தணிந்த குரலில்: “முதுகுல தட்டினேன். நின்னு பாக்குதா. மொகத்தப் பாக்கல. என் கையப் பாக்குதா. … இந்தா, திரும்பத் தட்டுதா.”

மூன்று. இரண்டு. மூன்று. இரண்டு.

10:28. “செவ்வாய்க்கிழம நாங்க போவல. பட்டயும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கேக்கியளா? போவல.”

10:30. இணைப்பு முடிந்தது.

நாள் 224 / 10:50

கடைசித் திருத்தம். செல்லாது என்று தெரியும். ஆனாலும் பதிவில் இருக்கட்டும்.

குழந்தை 41. பெயர் ரோஸ்மின். குறி 6, 283 இடத்திலும் அடிக்கப்பட்டது. அதற்குப் பதில் எழுத வேண்டியது: அழைத்தாள். பதில்: கிடைத்தது. பதில் சொன்னவர்: தாய்.

மகிழ்ச்சிதான். இதை மகிழ்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். விரல்களைப் போல அதுவும் எங்கோ இருக்கிறது, விளக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

இனி அவளுக்கு என்னிடமிருந்து பதில் வேண்டியதில்லை. இந்த வாக்கியத்தை இரண்டு முறை எழுதி அடித்தேன், மூன்றாவது முறை விட்டுவிட்டேன்.

நாள் 224 / 17:00

வெப்பம் 1. சூடு செய்யும் தட்டு அணைந்துவிட்டது. கப்பலுக்குப் பதினேழு நாள்.

சுபாஷிணி: “சார், பொத்தானை முடக்கினப்புறம் நீங்க அமைதியாயிட்டீங்க. டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷம்.”

நாள் 226, செவ்வாய் / 11:00

பட்டை கட்டும் நேரம். போயிருக்க மாட்டார்கள்.

பேனா கையில் நிற்கவில்லை. முழங்கையால் அழுத்தி எழு

சுவரில் மூன்று முறை தட்டினேன்.

நான்கு நொடி.

மூன்று முறை தட்டினேன்.

நான்கு